பழைய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது உதறுகிறதா? 'கியர்பாக்ஸ் போச்சு' என்ற முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

காலையில் காரை எடுத்து ரிவர்ஸ் போடுகிறீர்கள். வண்டி நகரவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்து 'டொக்' என்று ஓர் உதை, அப்புறம்தான் பின்னால் போகிறது. மெயின் ரோட்டுக்கு வந்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர வேகம் ஏற மாட்டேங்குது. பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்: "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்."

பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பயப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வண்டியை விற்றால் இரண்டு, இரண்டரை லட்சம் தேறும் என்ற நிலையில், கியர்பாக்ஸுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டால் செலவு செய்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? பட்டறையின் தீர்ப்பு சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் இதே அறிகுறிகளை ஆயில் குறைவும், துருப்பிடித்த எர்த் ஒயரும், கிழிந்த இன்ஜின் மவுண்ட்டும்கூட உண்டாக்கும். அதனால் செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்குவதைக் கடைசியில் வைக்க வேண்டும். எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் 'ஆட்டோ கியர்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பது நான்கு வகை. ஒன்றுக்கு நோய் என்பது இன்னொன்றுக்கு இயல்பு. இது தெரியாமல் சோதிக்க ஆரம்பித்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

முதல் வகை டார்க் கன்வெர்ட்டர். நம் சாலையில் ஓடும் பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் நிறைய இந்த வகைதான். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10, மாருதி ஏ-ஸ்டார், 2012ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் ஆட்டோமேட்டிக் ஆகியவற்றில் 4 ஸ்பீடு. 2008ல் வந்த ஹோண்டா சிட்டியில் 5 ஸ்பீடு. இரண்டாவது ஏஎம்டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோ வந்த பிறகு இங்கே பரவியது. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்கிறது. மூன்றாவது சிவிடி. படிப்படியான கியரே கிடையாது, பெல்ட்டும் இரண்டு புல்லிகளும்தான். 2014 ஹோண்டா சிட்டி, நிசான் மைக்ரா சிவிடி இந்த ரகம். நான்காவது இரட்டை கிளட்ச். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, தொடக்க கால ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் போன்றவை.

கியர் லீவர் பக்கத்தில் 'பி' என்ற பார்க்கிங் நிலை இல்லையென்றால் பெரும்பாலும் அது ஏஎம்டி. 'பி' இருந்து, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு வேகம் மட்டும் ஏறினால் சிவிடி. அதில் இன்ஜின் கத்துவதைப் பார்த்து 'ஸ்லிப் ஆகுது' என்று நினைத்துவிடக் கூடாது, அதன் சுபாவமே அதுதான். அதேபோல ஏஎம்டியில் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது தலை லேசாக முன்னால் ஆடுவது புது வண்டியிலும் உண்டு. அதே தலையாட்டல் டார்க் கன்வெர்ட்டர் காரில் வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றியது. மற்ற மூன்றையும் பின்னால் சுருக்கமாகப் பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் ஆயில் என்று வைத்துக்கொண்டால் டார்க் கன்வெர்ட்டர் புரிந்துவிடும். இன்ஜின் ஒரு பக்கம் ஆயிலைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் மறுபக்கம் சுழன்று கியர்பாக்ஸுக்கு விசை போகிறது. சிக்னலில் டி-யிலேயே பிரேக் பிடித்து நின்றாலும் இன்ஜின் ஆஃப் ஆகாததற்கு இதுதான் காரணம்.

கியர் மாற்றுவதும் ஆயில்தான். உள்ளே இருக்கும் பம்ப் அழுத்தத்தை உண்டாக்கும். வால்வு பாடி என்ற அலுமினியப் பலகையில் உள்ள சந்து பொந்துகள் வழியாக அந்த அழுத்தம் பிரிந்துபோய், எந்த கியர் வேண்டுமோ அதற்கான கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். எந்த வழியைத் திறப்பது, எதை மூடுவது என்பதை சோலினாய்டு என்ற மின் வால்வுகள் செய்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடுவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, வண்டி என்ன வேகம், ஆயில் எவ்வளவு சூடு என்று சென்சார்கள் சொல்வதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும்.

ஆக, ஆயில், மின்சாரம், இன்ஜினிலிருந்து வரும் தகவல், உள்ளே இருக்கும் இரும்பு என்று நான்கு இடங்களில் கோளாறு வரலாம். இதில் கடைசி ஒன்றுக்குத்தான் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

பழைய 4 ஸ்பீடு கார்களின் கியர் லீவரில் கட்டைவிரல் படும் இடத்தில் 'ஓ/டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். ஓவர்டிரைவ். கை தெரியாமல் பட்டு அது ஆஃப் ஆகிவிட்டால் வண்டி நான்காவது கியருக்கே போகாது. நெடுஞ்சாலையில் இன்ஜின் இரைச்சல், மைலேஜ் அடி. 'டாப் கியர் விழல' என்று பட்டறைக்குக் கிளம்பும் முன், மீட்டரில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். செலவு பூஜ்யம்.

இரண்டாவது, இன்ஜின் சூடாகாத நேரம். காலையில் முதல் ஓரிரு கிலோமீட்டருக்கு கியர் தாமதமாக மாறுவதும், டாப் கியர் விழாமல் இருப்பதும் பல கார்களில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு. இதில் நம்ம ஊர் சிக்கல் ஒன்று உண்டு. "வெயில் ஊருக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லி தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், சில நேரம் வரவே வராது. கம்ப்யூட்டர் 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்துக்கொண்டு டாப் கியரைத் தராமல் பிடித்து வைத்திருக்கும். டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே கிடக்கிறது, டாப் கியரும் விழவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தெர்மோஸ்டாட் இருக்கா?"

மூன்றாவது, பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு வரும் உதறல். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தட்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து நினைவில் வைத்திருக்கும். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்துவிடும். மறுபடி கற்றுக்கொள்ளும்வரை கொஞ்ச தூரம் முரட்டுத்தனமாகத்தான் மாறும். சில நாளில் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம்.

எப்போது வருகிறது? எழுதி வையுங்கள்

மெக்கானிக்கிடம் 'ஜெர்க் அடிக்குது' என்று மட்டும் சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது. எந்த கியரில், சூடாகும் முன்னா பின்னா, மெதுவாக மிதித்தாலா அழுத்தி மிதித்தாலா என்று இரண்டு நாள் கவனித்து போனிலேயே குறித்து வையுங்கள். ஸ்கேனர் சொல்லாததை இந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

எப்படிக் கவனிப்பது? வெறிச்சோடிய சாலையில் ஆக்ஸிலரேட்டரை லேசாக, ஒரே அளவில் மிதித்துக்கொண்டு போங்கள். 4 ஸ்பீடு கார் என்றால் ஏறத்தாழ 20, 40, 60 கி.மீ. வேகங்களை ஒட்டி மூன்று முறை கியர் மாறும். காருக்குக் கார் கொஞ்சம் வித்தியாசப்படும். அதற்குப் பிறகு நான்காவதாக ஒரு சின்ன மாற்றம் தெரியும், ஆர்பிஎம் சுமார் 200, 300 இறங்கும். அது கியர் கிடையாது, 'லாக்-அப்'. டார்க் கன்வெர்ட்டரின் இரு பக்கங்களும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன. இதை எண்ணத் தெரிந்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

டி அல்லது ஆர் போட்டதும் வண்டி பிடிக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா? அதுவும் காலையில் மட்டும் என்றால், இரவில் ஆயில் கீழே இறங்கிவிட்டது, அல்லது வயதாகிக் கெட்டிப்பட்ட ரப்பர் சீல்கள் அழுத்தத்தை நிறுத்தி வைக்க முடியவில்லை என்று பொருள். ஆயில் அளவு குறைந்திருந்தாலும் இதேதான் நடக்கும். காலையில் நன்றாக இருந்து, மதிய வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நின்ற பிறகு மட்டும் ஸ்லிப் ஆனால் கதை வேறு. சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடங்கள் வழியாக அழுத்தம் கசிகிறது. சூடோ குளிரோ எப்போதும் ஸ்லிப் என்றால் கிளட்ச் தட்டே தேய்ந்திருக்கலாம்.

ஸ்லிப் எப்படித் தெரியும்? கியர் மாறும் அந்த நொடியில் ஆர்பிஎம் இறங்க வேண்டும். அதற்குப் பதில் விர்ரென்று ஏறிவிட்டு, அப்புறம் பிடித்தால் அது ஸ்லிப். எந்த கியரில் என்பது முக்கியம். பல வடிவமைப்புகளில் ஒரே கிளட்ச் இரண்டு கியர்களுக்கு வேலை செய்யும். மூன்றாவது கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் பிரச்சினை என்று நீங்கள் சொன்னால், விவரமான மெக்கானிக் எந்தத் தட்டு என்றே சொல்லிவிடுவார்.

60, 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் வருகிறதா? அது லாக்-அப் நடுக்கமாக இருக்கலாம், இன்ஜின் மிஸ்ஸிங்காகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பின்னால் வண்டி இல்லாதபோது, நடுக்கம் இருக்கும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சிக்னல் போனதும் பெரும்பாலான கார்களில் லாக்-அப் விடுபடும். நடுக்கம் டக்கென்று நின்றால் லாக்-அப் பக்கம்தான் கோளாறு. நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள். இடது கால் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம், மெக்கானிக்கை ஓட்டச் சொல்லுங்கள்.

திடீரென்று வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் கிளம்பும்போது இழுக்காமலும் வேகத்தில் கத்திக்கொண்டும் போனால் அது தற்காப்பு நிலை. மெக்கானிக்குகள் 'லிம்ப் மோடு' என்பார்கள். ஏதோ ஒரு சென்சாரோ சோலினாய்டோ சரியாகப் பதில் சொல்லவில்லை என்றதும் கம்ப்யூட்டர் மற்ற கியர்களை நிறுத்திவிட்டு, வீடு போய்ச் சேர ஒரு கியரை மட்டும் தருகிறது. மீட்டரில் 'டி' எழுத்தோ 'ஓ/டி' விளக்கோ மினுக்கலாம். வண்டியை ஆஃப் செய்து ஆன் செய்ததும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இறக்குவதற்கு அவசரமே இல்லை.

ஆயில் சொல்லும் ஜாதகம்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் வெறும் மசகு கிடையாது. அதுதான் விசையைக் கடத்துகிறது, அழுத்தம் தருகிறது, சூட்டை வெளியேற்றுகிறது. அது கெட்டால் எல்லாமே கெடும்.

டிப்ஸ்டிக் உள்ள கார்களில் வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிய சூட்டில், பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போதே 'பி'யில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டா கார்களில் மட்டும் ஓட்டி வந்து இன்ஜினை ஆஃப் செய்த உடனே பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பார்த்து, 'கம்மியா இருக்கு' என்று ஊற்றி, அளவுக்கு மேல் நிரப்பிவிடுவது உண்டு. அதிகம் ஊற்றினாலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கிடையாது. வண்டி மறுபடி ஸ்லிப் ஆகும். உங்கள் காருக்கு எது முறை என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்கள் என்றால் லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். புது ஆயில் பெரும்பாலும் நல்ல சிவப்பு. ஓட ஓட டீ டிகாஷன் நிறத்துக்குப் போவது வயது. கறுத்துப்போய், அடிப்பிடித்த வாசனை அடித்தால் கிளட்ச் தட்டு கருகியிருக்கிறது. வெளிச்சத்தில் மினுமினுவென்று தூள் தெரிந்தால் உலோகம் உலோகத்தைத் தின்கிறது. எல்லாவற்றையும்விட மோசம் ரோஸ் மில்க் நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் இரண்டு வழியில் வரும். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது; அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் கதவளவு தண்ணீரில் நின்றன. கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உராய்வுப் பொருளின் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும். உடனே தெரியாது, சில மாதம் கழித்து அட்டை உரிவது போல உரியும். ரோஸ் மில்க் நிறம் கண்டால் அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இது இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறையாது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு விழுந்த இடம் காட்டிக்கொடுக்கும். பவர் ஸ்டியரிங் ஆயிலும் பல கார்களில் சிவப்புதான் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

"ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும், தொடாதீங்க" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இது எங்கிருந்து வந்தது? வண்டி ஏற்கெனவே ஸ்லிப் ஆகத் தொடங்கிய பிறகுதான் பலரும் ஆயில் மாற்றுகிறார்கள். தேய்ந்த தட்டைப் புது ஆயில் காப்பாற்றாது. பழி ஆயில் மேல் விழுகிறது. ஸ்லிப் இல்லாத, ஆயில் பழுப்பாக மட்டும் இருக்கும் வண்டியில் மாற்றுவது நல்லதே. அழுத்தத்தில் அடித்துக் கழுவும் 'ஃப்ளஷ்' வேண்டாம். கீழே போல்ட்டைத் திறந்து இறக்கினால் பாதிகூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இறக்கி நிரப்புவதே பாதுகாப்பான வழி. ஆயில் சம்ப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல் படிந்திருப்பது இயல்பு. ஊசி ஊசியாகச் சீவல் நின்றால் விஷயம் பெரியது.

சில கார்களில் 'லைஃப்டைம் ஆயில்' என்று போட்டிருப்பார்கள். யாருடைய லைஃப் என்று கேட்டால் பதில் வராது. அதே நிறுவனங்களின் கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் வெயில், நெரிசல், மலைப்பாதை என்று இருப்பதைப் படித்துப் பாருங்கள். சென்னையிலோ கோவையிலோ தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி அந்தப் பட்டியலில்தான் வரும். ஊற்றும் ஆயில் கையேட்டில் சொன்ன ரகமாகவே இருக்க வேண்டும். முக்கியமாக, சிவிடிக்கு சிவிடி ஆயில்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியே பாழாகும்.

இன்ஜின் செய்யும் தப்பு, கியர்பாக்ஸ் மேல் பழி

ஆயில் சரியாக இருக்கிறதா? அடுத்து பானெட்டுக்குள். பழைய பேட்டரியும் தளர்ந்த எர்த் ஒயரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் பைத்தியமாக்கிவிடும். பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, எர்த் ஒயரை இறுக்குவது அரை மணி நேர வேலை.

'டொக்' என்ற உதைக்கு இன்ஜின் மவுண்ட் ஒரு முக்கியக் காரணம். இதைப் பார்க்க இருவர் வேண்டும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஒருவர் டி, ஆர், டி என்று மாற்ற, மற்றவர் பானெட்டுக்குள் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் எகிறி உட்கார்ந்தால் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. ஐடிலிங் ஆர்பிஎம் அதிகமாக இருந்தாலும் டி போடும்போது உதைக்கும்.

கியரை எப்போது மாற்றுவது என்ற முடிவே ஆக்ஸிலரேட்டர் நிலையைச் சொல்லும் சென்சாரை நம்பித்தான் இருக்கிறது என்று பார்த்தோம். அந்த சென்சார் தவறாகச் சொன்னால் கியர் தாமதமாக மாறும், அல்லது தேவையில்லாமல் மேலும் கீழும் தாவும். இன்னும் பழைய கார்களில் சென்சாருக்குப் பதில் ஒரு கேபிள் இருக்கும். அது தளர்ந்தாலே போதும். 'பி'யில் ஸ்டார்ட் ஆகாமல் 'என்'னில் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது, ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை என்றால் கியர் லீவர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் சந்தேகத்துக்குரியது. 'பி'யிலிருந்து லீவர் வெளியே வரவே மாட்டேங்குதா? பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் சுவிட்ச் அல்லது ஃபியூஸ்.

ஸ்கேன் போட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது, ஆனால் போடாமல் முடிவெடுக்கவும் கூடாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் கருவிகள் பல நேரம் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். அதில் பி0700 என்று வந்தால், 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது' என்பது மட்டும்தான் செய்தி. என்ன சொல்கிறது என்று கேட்க, கியர்பாக்ஸையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும்.

பி0715, பி0720 என்றால் வேக சென்சார்கள் பக்கம். பி0750 என்றால் சோலினாய்டு. பி0740 என்றால் லாக்-அப். இவற்றில் பலவும் கியர்பாக்ஸை இறக்காமல் சரிசெய்யக் கூடியவை. பல கார்களில் சோலினாய்டும் வால்வு பாடியும் சம்ப்பையோ மூடியையோ கழற்றினாலே கைக்கு எட்டும். பி0730 வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உத்தரவிட்ட கியர் விகிதமும் கிடைத்த விகிதமும் பொருந்தவில்லை, அதாவது உள்ளே எங்கோ வழுக்குகிறது. ஆனால் அதுவும் ஆயில் குறைவால் வரலாம். கோடு ஒரு முகவரியைத்தான் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. பி0750 வந்ததும் சோலினாய்டை மாற்றிவிட்டு, பிறகு அறுந்தது அதற்குப் போகும் ஒயர் என்று கண்டுபிடித்தால் பணம் போனது போனதுதான்.

முக்கியமான ஒன்று: கோடுகளைப் படித்து போட்டோ எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் அவை அழிந்துவிடும். விற்கப்போகும் காரில் முந்தின நாள் அழித்துவிட்டுக் காட்டும் வேலையும் நடக்கிறது.

ஏஎம்டி, சிவிடி, இரட்டை கிளட்ச்

ஏஎம்டியில் தேய்வது பெரும்பாலும் சாதாரண கிளட்ச் தட்டுதான். மேடேறும்போது கருகல் வாசனை, ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமை என்றால் மேனுவல் காரில் என்ன செய்வீர்களோ அதேதான், கிளட்ச் செட் மாற்றுவது. மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புது கிளட்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டால் பழையபடி உதறும். கியரே விழாமல் 'என்'னில் நின்றுவிட்டால் பேட்டரியையும் பிரேக் சுவிட்சையும் முதலில் பாருங்கள். மேம்பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

சிவிடியில் ஊளையிடும் சத்தமும், சீரான வேகத்தில் நடுக்கமும் கெட்ட அறிகுறிகள். இரட்டை கிளட்ச் கார்கள் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகி எச்சரிக்கை காட்டும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்த ஆட்கள் குறைவு, அந்த வண்டிகளையே பார்க்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறீர்களா?

விற்பவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை நேரக் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை டி, ஆர் போட்டுப் பாருங்கள். ஆயில் நிறம் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

ஆயில் கருகி, உலோகத் துகள் தெரிந்து, எல்லா கியரிலும் ஸ்லிப் என்றால் வேறு வழியில்லை. அப்போதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கேஜ் வைத்து ஆயில் அழுத்தம் பார்த்தீர்களா? சம்ப்பில் என்ன இருந்தது, காட்ட முடியுமா? என்ன கோடு வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் 'அசெம்பிளியே மாத்திடலாம்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போடுவது பலருக்குக் கட்டுப்படியாகும் வழி. அதில் தப்பில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, பார்ட் நம்பரும் பொருந்த வேண்டும். மாட்டும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் ஆயில் சீல்களையும் மாற்றிவிட வேண்டும். மறக்கவே கூடாதது ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாய். பழைய கியர்பாக்ஸ் தேய்ந்த தூள் எல்லாம் அதில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் அந்தத் தூள் நேராக அடுத்த கியர்பாக்ஸுக்குள் போகும். 'ரெண்டாவது கியர்பாக்ஸும் ஆறு மாசத்துல போச்சு' என்று கேள்விப்பட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

நடுவழியில் நின்றுவிட்டால்?

கருகல் வாசனை, அடியில் சிவப்புக் கசிவு, டி போட்டும் நகராமை. இந்த மூன்றில் எது வந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். ரேஸ் கொடுத்து எப்படியாவது வீடு சேர்க்கலாம் என்ற முயற்சியில்தான் சோலினாய்டு செலவு முழு கியர்பாக்ஸ் செலவாக மாறுகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. 'என்'னில் போட்டுக் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது, சக்கரத்தோடு சேர்ந்து கியர்பாக்ஸின் உள் பாகங்கள் மட்டும் ஆயில் இல்லாமல் சுற்றும். முன்சக்கர டிரைவ் கார் என்றால் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கித்தான் இழுக்க வேண்டும், முழு வண்டியையும் ஏற்றிப்போவது இன்னும் நல்லது. டோயிங் வண்டிக்கு போன் போடும்போதே "ஆட்டோமேட்டிக் கார், பிளாட்பெட் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால், கயிற்றோடு நிற்பவர் "மெதுவா இழுக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்.